கந்தகம் இல்லாத கந்தகம்

என் இடுப்பில் எட்டு மாதம் அரித்தது. இந்த ஒரு வரியை வெளியே சொல்ல எனக்கு அந்த எட்டு மாதமும் பிடித்தது. பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அரிக்கிறதென்று ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சமன்பாடு எழுதுகிற சாக்கில் ஸ்கேல் முனையால் சொறிந்துகொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை. காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால், கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் கடந்து, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலைப் பக்கம் இறங்க வேண்டும். மேலே என்னவோ குளிர்ந்த காற்றுதான். ஆனால் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போதே நாடா வேர்வையில் ஊறிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்வரை அந்த ஈரம் அப்படியே கிடக்கும்.

அது என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்கு என்ன மருந்து என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் வயிற்றெரிச்சல் முழுக்க இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கம். மேலே படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

முதலில் மருந்துக்கடைக்குத்தான் போனேன். "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்றேன். எங்கே, எப்படி என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே அது நிம்மதி. ட்யூப் ஒன்றைக் கொடுத்தார். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. கடைக்காரரை மனசார வாழ்த்தினேன். தடவுவதை நிறுத்திய பத்தாம் நாள் அது திரும்பி வந்தது, வளையம் வளையமாக, வயிற்றுப் பக்கமும் முதுகுப் பக்கமும் கிளை விட்டுக்கொண்டு. அந்த ட்யூபில் மூன்று மருந்து கலந்திருந்தது, அதில் ஒன்று கடுமையான ஸ்டீராய்டு என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. பூஞ்சைமேல் ஸ்டீராய்டு தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் ஆனந்தமாகப் படரும். இந்த வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. உத்தரவு டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. ட்யூப் இங்கே கடலைமிட்டாய் மாதிரி கிடைக்கிறது.

பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எங்கள் பள்ளிக் கணக்கு சார் வாயைத் திறந்தார். "இங்கிலீஷ் மருந்து இப்படித்தான் டீச்சர், உள்ள அமுக்கிடும். ஹோமியோபதி வேரோட எடுக்கும்." எனக்கு எங்கே அரிக்கிறதென்று அவருக்குத் தெரியாது, பாவம். கையைத்தான் காட்டினேன். மறுநாளே சுண்டுவிரல் அளவுக் குப்பியில் வெள்ளை உருண்டைகள் வந்தன. சல்பர் 200.

சின்னசேலத்து நாத்தனாரிடம் இதைச் சொன்னது நான் செய்த இரண்டாவது தப்பு. "சல்பரா? ஐயோ அண்ணி, அது எரிச்சலுக்குத்தானே! உங்களுக்கு வேண்டியது கிராஃபைட்டிஸ்." அது வந்து சேர்ந்தது, 30. மூன்றாவதாக எங்கள் பெரியப்பா. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் மரப்பெட்டி, பெட்டிக்குள் வரிசையாகக் குப்பி, பக்கத்தில் அட்டை பிய்ந்த புத்தகம். காசு வாங்க மாட்டார். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் என் மூக்குத் தழும்பைப் பார்த்து, நான் கோபக்காரி என்பதைக் கணக்கில் எடுத்து, செபியா கொடுத்தார். நாலாவது, முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு ஹோமியோபதி மருத்துவர். அவர் கொடுத்தது டெலூரியம். ஐந்தாவது எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. ஆர்செனிக்கம் ஆல்பம் 30. கொரோனா வந்த 2020-ல் எதிர்ப்புசக்திக்கென்று ஊரெல்லாம் கொடுத்தார்களே, அதில் மீந்தது. "தோலுக்கும் அதேதான்மா. வீணாப் போவுது, போட்டுக்க" என்றார் மாமியார்.

ஐந்து குப்பி. ஒவ்வொருவரும் மற்ற நாலையும் விட்டுவிடச் சொன்னார்கள். சரி, அறிவியல் டீச்சர்தானே, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமென்று ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் மருந்து, வலது பக்கம் அது யாருக்கு ஆகும். போர்வைச் சூட்டில் அரிப்பு அதிகமாகி, குளித்தால் இன்னும் எரிந்தால் சல்பர். தோல் மடிப்பில், காதுக்குப் பின்னால், தேன் மாதிரி பிசுபிசுவென்று நீர் வடிந்தால் கிராஃபைட்டிஸ். நள்ளிரவுக்கு மேல் எரிந்து, வெந்நீர் ஒத்தடத்துக்கு அடங்கினால் ஆர்செனிக்கம். குளிர்காலத்தில் விரல் நுனி வெடித்தால் பெட்ரோலியம். தேனீ கொட்டின மாதிரி வீங்கினால் ஏபிஸ், நீர்க் கொப்புளமாக வந்தால் ரஸ் டாக்ஸ், மரு என்றால் தூஜா. கந்தகம், பென்சில் கரி, பாஷாணம், பெட்ரோல், தேனீ, கணவாய் மீனின் மை, சமையல் உப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு பலசரக்குக் கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மீன் மார்க்கெட் மூன்றையும் ஒரு கூரைக்குள் கொண்டுவந்த மாதிரி. எங்கள் மலைப் பிள்ளைகள் ஓடையோரம் பறிக்கிற வல்லாரைகூட இருக்கிறது, ஹைட்ரோகோட்டைல் என்ற பெயரில்.

எழுத எழுத ஒன்று உறுத்தியது. அந்த நோட்டில் எனக்கு எப்போது அரிக்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் அரிக்கிறது, நான் கோபக்காரியா அழுமூஞ்சியா என்பதெல்லாம் இருந்தது. தோலில் இருப்பது என்ன என்கிற கேள்விக்கு மட்டும் ஒரு கட்டமும் இல்லை.

முறையைக் குறை சொல்லுமுன் முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1755-ல் பிறந்தவர். நலமாக இருக்கிற ஒருவருக்கு ஒரு பொருள் என்ன கோளாறைக் கொடுக்கிறதோ, அதே கோளாறுள்ள நோயாளியை அந்தப் பொருளே குணப்படுத்தும் என்பது அவர் கொள்கை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் சேங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறி போடுகிற அந்தக் கொட்டையின் பால் கையில் பட்டால் கொப்புளிக்கும். அதனால் கொப்புளத்துக்கும் அரிப்புக்கும் சேங்கொட்டையே மருந்து. ஹோமியோபதியில் அதற்குப் பெயர் அனகார்டியம். முள்ளை முள்ளால் எடுக்கிற கதைதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. நம் ஊர் ஆட்கள் இதற்குச் சுலபமாகத் தலையாட்டுவதற்கும் அந்தப் பழமொழிதான் காரணமென்று நினைக்கிறேன். முள்ளை முள்ளால் எடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் முள் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் அவகாட்ரோ எண் நடத்துகிறவள் நான். 'முப்பது' என்றால் என்ன? ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டு ஸ்பிரிட்டிலோ தண்ணீரிலோ கலந்து குலுக்கினால் ஒன்று. அதிலிருந்து ஒரு சொட்டை மறுபடி 99-ல் கலந்தால் இரண்டு. இப்படி முப்பது தடவை. தினமும் பஸ் ஜன்னலில் கோமுகி அணையைப் பார்க்கிறேன். ஒரு நாள், அதில் ஒரு சொட்டு மருந்தை விட்டால் அது எத்தனையாவது வீரியம் என்று கணக்குப் போட்டேன். அணை நிரம்பினால் சுமார் 560 மில்லியன் கன அடி. அதாவது கிட்டத்தட்ட 1,600 கோடி லிட்டர். லிட்டருக்கு இருபதாயிரம் சொட்டு. விடை ஏழைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். முப்பதுக்குப் போக வேண்டுமானால் இந்த அணையிலிருந்து ஒரு சொட்டெடுத்து இன்னொரு கோமுகியில் விட வேண்டும். அதிலிருந்து ஒன்றெடுத்து மூன்றாவதில், அப்புறம் நாலாவதில். நாலு அணை தாண்டியும் முப்பதுக்குச் சற்றே குறையும். இரண்டாவது அணையிலிருந்து எடுக்கிற சொட்டிலேயே மருந்தின் ஒரே ஒரு மூலக்கூறாவது இருக்கும் வாய்ப்பு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கு சார் கொடுத்தது 200. அதற்கு இருபத்தெட்டு கோமுகி வேண்டும். கணக்கு சார் இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அவரிடம் காட்டினேன். "பொருள் இருக்காது டீச்சர், சக்தி இருக்கும். குலுக்கறதுலதான் சக்தி ஏறுது" என்றார். அப்படியானால் என் கைப்பையில் ஐந்து மாதமாக வெள்ளிமலை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்த குப்பிகள் இந்நேரம் எத்தனையாவது வீரியத்துக்கு ஏறியிருக்கும்? கேட்டேன். சிரித்தார். அவர் நல்ல மனுஷர், சண்டை போட முடியவில்லை.

எல்லா ஹோமியோபதி மருந்தும் இப்படி வெறுமை என்றும் சொல்லிவிட முடியாது. மதர் டிங்சர் என்பது செடியின் சாறு ஏறிய ஸ்பிரிட். 3எக்ஸ், 6எக்ஸ் என்கிற, குறைவாகக் கரைத்த கீழ்ப்படி மருந்துகளில் மூலப்பொருள் கொஞ்சம் இருக்கவே செய்யும். பாஷாணம் மாதிரியானவற்றை அந்தக் கீழ்ப்படியில் மாதக் கணக்காக விழுங்கினால் அதற்கான கெடுதலும் இருக்கும். சாமந்தி வகைப் பூவின் களிம்பு தடவினால் தோல் மிருதுவாகும், களிம்பு எதுவானாலும் அதைச் செய்யும். ஒப்பிடுவதென்றால் முதலில் எதில் பொருள் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒப்பிட வேண்டும். யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. பெரியப்பா டிங்சர் பாட்டிலைத் திறந்தபோது ஸ்பிரிட் வாசனை கூடமெல்லாம் பரவியது. 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்த வாசனை வந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். உடனே மூடச் சொல்லிவிட்டேன்.

ஒப்பீட்டு நோட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆறு வயது மகன் ஐந்து குப்பியையும் வாயில் கவிழ்த்துக்கொண்டுவிட்டான். எது எந்தச் சுவை என்று கேட்டேன். "எல்லாம் ஒரே டேஸ்ட்மா" என்றான். பதறிப்போய் பெரியப்பாவுக்குப் போன் போட்டால், "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்கிறார். ஒன்றும் ஆகாது என்பது பெரியப்பாவுக்கே தெரிந்திருக்கிறது.

இதைச் சொன்னால் வீட்டில் ஆள் ஆளுக்குச் சாட்சி சொல்ல வருகிறார்கள். மாமியாருக்குக் காணாக்கடி வந்து உடம்பெல்லாம் தடித்தது, ஏபிஸ் நாலு உருண்டை போட்டார், சாயங்காலத்துக்குள் போய்விட்டது. காணாக்கடித் தடிப்பு பெரும்பாலும் ஒரு நாள்கூடத் தங்காது, ஏபிஸ் போட்டாலும் சரி, பொட்டுக்கடலை தின்றாலும் சரி. நாத்தனார் மகனுக்கு விரலில் மரு, ஒரு வருஷம் தூஜா, கொட்டிவிட்டது. பிள்ளைகளுக்கு வரும் மரு பாதிக்கு மேல் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே மறைகிறது. கனடாவில் உள்ளங்கால் மரு உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தூஜாவும் வேறு இரண்டு ஹோமியோபதி மருந்தும், மற்றதற்கு வெறும் உருண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1992-ல் முடிவு வெளியானது. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. கரப்பான் என்கிற எக்ஸிமா அலையலையாக வரும், அலையலையாகப் போகும். அலை உச்சியில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம். அப்புறம் அது இறங்கும்போது கையில் எந்தக் குப்பி இருக்கிறதோ அதற்கு மாலை. குப்பிகள் எல்லாமே ஜெயித்தவைதான். தோற்ற குப்பியை யாரும் கல்யாண வீட்டில் பேசுவதில்லை.

மருந்தாளுநர் படிப்புப் படிக்கும் என் தங்கை மகன்தான் இதையெல்லாம் எடுத்துக் காட்டியவன். தோல் நோய்களுக்கு ஹோமியோபதி கொடுத்துப் பார்த்த சோதனைகளைத் திரட்டி 2011-ல் ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது, பிரிட்டனின் தோல் மருத்துவ இதழில். தேறியவை பன்னிரண்டு. அதில் ஒன்பதில் வெறும் உருண்டைக்கும் மருந்துக்கும் பேதமில்லை. பேதம் தெரிந்த மூன்றும் சோதனை செய்த விதத்திலேயே ஓட்டை. "பெரியம்மா, நீ சல்பரா கிராஃபைட்டிஸான்னு ஒப்பிட்டுக்கிட்டு இருந்தே. அவங்க உருண்டையா, உருண்டையில்லையான்னு ஒப்பிட்டிருக்காங்க" என்றான். படிக்கிற பிள்ளை பேசினால் நமக்குக் கோபம்தான் வருகிறது.

இவ்வளவும் என் இடுப்போடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பள்ளியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தது. மலையின் உள்கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள், ஒரே கூடத்தில் பாய் விரித்து நெருக்கிப் படுக்கிறவர்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி. ராத்திரியானால் சொறி சொறியென்று சொறிவார்கள். காலையில் வகுப்பில் தூங்கி விழுவார்கள். சுகாதார நிலையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை என்றார்கள். அரிப்பு இல்லாத பிள்ளைக்கும்தான். கிருமி தொற்றி அரிப்புத் தொடங்கவே முதல் தடவை நாலைந்து வாரம் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளை சும்மா சுமந்துகொண்டு திரியும்.

அப்போது ஒரு தாய் வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. "களிம்பு வேணாம் டீச்சரம்மா. பூசினா உள்ள போயி ஈரல்ல தங்கிடுமாம். கீழ சொன்னாங்க." கையில் வெள்ளைப் பொடிப் பொட்டலம், மேலே பெயரும் இல்லை தேதியும் இல்லை. கூலிக்குக் கடுக்காய் பொறுக்கியும் மரவள்ளி பிடுங்கியும் சேர்த்த காசில் வாங்கிய பொட்டலம். அவள் பேச்சில் எனக்கு ஆச்சரியமில்லை. என் பாட்டியும் சிரங்கை அமுக்கக் கூடாது என்றுதான் சொல்வாள். கணக்கு சாரும் அதையேதான் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், இதே பேச்சு ஜெர்மனியிலிருந்தும் வந்திருக்கிறது. ஹானிமன் 1828-ல் நாட்பட்ட நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மனிதனின் நாட்பட்ட நோய்களில் எட்டில் ஏழு பங்குக்கு வேர் 'சோரா', அதாவது சொறி சிரங்குத் தோஷம் என்றார். மேலே களிம்பு பூசி அதை அமுக்கினால் உள்ளே இறங்கி வேறு நோயாகக் கிளம்பும் என்றார். எங்கள் பாட்டியும் அவரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி!

ஆறு வருஷம் கழித்து, 1834-ல், பாரிஸில் ஒரு மருத்துவமனையில் ரெனுச்சி என்ற மாணவன் சிரங்குக்காரர் ஒருவரின் தோலிலிருந்து ஊசி முனையால் ஒரு பூச்சியை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தான். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எட்டுக் கால். தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அவன் கோர்சிகா தீவுக்காரன். அவனூரில் சாதாரணப் பெண்கள் ஊசியால் அந்தப் பூச்சியை எடுப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். மறு வருஷம் ஹானிமன் அதே பாரிஸில் குடியேறி, 1843-ல் இறக்கும்வரை அங்கேயே வைத்தியம் பார்த்தார். பூச்சி வெளியே வந்துவிட்டது. தோஷம் மட்டும் இன்னும் வெளியே போகவில்லை. கல்வராயன் மலையில் ஒரு தாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. சிரங்குக் கொப்புளத்து நீரையே குலுக்கி வீரியப்படுத்திய சோரினம் என்ற மருந்தும் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் ஆத்திரப்படுத்துவது எதுவென்றால், கந்தகம் சிரங்குக்கு உண்மையிலேயே மருந்து. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு கந்தகம் சேர்த்த களிம்பை மூன்று ராத்திரி பூசினால் அந்தப் பூச்சி சாகும். நாறும், துணி கறைபடும், ஆனால் வேலை செய்யும். கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்கூட அதைக் கொடுப்பதுண்டு. நாட்டு வைத்தியத்திலும் கந்தகம் பழைய ஆள். ஆகவே ஒப்பிட ஆசைப்படுகிறவர்கள் சல்பரைக் கிராஃபைட்டிஸோடு ஒப்பிட வேண்டாம். கந்தகத்தைக் கந்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று நாற்றமடிக்கிற மஞ்சள் களிம்பு, அதில் கந்தகம் இருக்கிறது. மற்றது இனிக்கிற வெள்ளை உருண்டை, அதில் கந்தகத்தின் பெயர் இருக்கிறது. பூச்சிக்குப் பெயர் படிக்கத் தெரியாது.

அந்தத் தாயிடம் இந்தச் சரித்திரமெல்லாம் பேசிப் பயனில்லை. பள்ளி நுண்ணோக்கியில் தோல் துகளை வைத்துப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். எட்டாவது துகளில்தான் கிடைத்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "உசிரோட இருக்குதே" என்றாள். அன்று ராத்திரியே களிம்பு பூசச் சம்மதித்தாள்.

ஹோமியோபதி மருத்துவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். அந்த நாலாவது ஆள் என்னோடு ஒரு மணி நேரம் பேசினார். பிரசவம் எப்படி நடந்தது, எதைக் கண்டால் பயம், உப்புப் பிடிக்குமா இனிப்புப் பிடிக்குமா, கனவில் என்ன வரும். என் வாழ்க்கையில் எந்த மருத்துவரும் என் கனவை விசாரித்ததில்லை. எழுந்து வரும்போது அரிப்பு பாதி குறைந்த மாதிரியே இருந்தது. இதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, சேலையை விலக்கக்கூட நேரம் கொடுக்காமல் நிமிர்ந்து பார்க்காத ஒருவர் எழுதித் தந்த சீட்டோடு திரும்பியிருக்கிறேன். ஆகவே இனிப்பு உருண்டையை நோக்கி ஜனங்கள் ஓடுவதில் உருண்டையின் பங்கு பாதிதான், மீதிப் பாதி அந்த மூன்று மணி நேரத்தின் பங்கு. முன்பெல்லாம் தோலுக்கென்று ஒருவரைப் பார்க்க முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அலைய வேண்டும். 2019-ல் மாவட்டம் பிரிந்தது, 2022 தொடக்கத்தில் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், இப்போது தூரம் குறைந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இன்னும் அது ஒரு நாள் கூலி.

ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்திலும் அந்த மருத்துவர் என் தோலைப் பார்க்கவில்லை. நான் காட்ட வெட்கப்பட்டேன், அவர் வற்புறுத்தவில்லை. ஐந்து மாதம் மருந்து சாப்பிட்டேன். அதிகமானால், "வெளிய தள்ளுதும்மா, நல்ல அறிகுறி." குறைந்தால், "பார்த்தீங்களா?" அப்படியே இருந்தால், "வீரியத்தை மாத்திப் பார்ப்போம்." எப்படி விழுந்தாலும் ஜெயிக்கிற தாயக்கட்டையோடு யார் ஆடுவது?

கடைசியில் ஒரு பெண் தோல் மருத்துவர். திரையை இழுத்து மூடிவிட்டு, "காட்டுங்க" என்றார். கத்தி முனையால் வளையத்தின் ஓரத்தைச் சுரண்டினார். தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் நூலாகப் பூஞ்சை. படர்தாமரை. ஜனங்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த நோய், பெயரிலேயே படர்கிறது. நாடா இறுக்கும் இடமும் வேர்வையும் அதற்குப் பிடித்த வீடு. ஆனால் பழைய படர்தாமரை இல்லையாம் இது. பத்து வருஷத்துக்கு மேலாக நாடெங்கும் பரவுகிற, வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு வகை இருக்கிறது. 2020-ல் அதற்கு இந்தியாவின் பெயரையே வைத்து 'இண்டோட்டினே' என்றார்கள். என்ன பெருமை! ஸ்டீராய்டு ட்யூபை நிறுத்தச் சொன்னார். மாத்திரை எழுதினார். துண்டு தனி, துணி தனி, வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட வேண்டும். "வீட்டுல யாருக்கும் இருக்கா?" என்றார். வீட்டுக்காரருக்குத் தொடையில் இரண்டு மாதமாக இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் பெரியப்பா ஏதோ கொடுத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒளித்து, ஒரே பூஞ்சையை மாறி மாறி வளர்த்திருக்கிறோம்.

சுரண்டியதிலிருந்து பெயர் தெரியும்வரை ஆன நேரம் அரை மணிகூட இல்லை.

இப்போது நான் ஸ்டாஃப் ரூமில் உருண்டைக்காரர்களிடம் வாதம் செய்வதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோய்க்குப் பெயர் என்ன? யார் பார்த்துச் சொன்னது? பதில் இருந்தால் அப்புறம் சல்பரோ சந்தனமோ உங்கள் இஷ்டம்.

இந்தக் கேள்வியை இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் அப்பா. முன்கையில் வெளிறிய ஒரு படை. அரிக்காது, எரியாது. தேமல் என்றார்கள். மூன்று பேர் மூன்று மருந்து கொடுத்து, எது கேட்கிறதென்று ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பையன்தான் என்னிடம் வந்து, அப்பா அடுப்பில் கை சுட்டது தெரியாமல் இருந்தார் என்றான். படை மேல் பஞ்சால் தொட்டேன், தெரியவில்லை. பேனா முனையால் தொட்டேன், அதுவும் தெரியவில்லை. அரிக்காத, உணர்ச்சியில்லாத படை உங்கள் உடம்பிலோ வீட்டிலோ இருந்தால் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்குப் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை நாடு முழுக்க இலவசம், கேட்கும், குணமாகும். அவருக்கும் மாதாமாதம் மாத்திரைப் பட்டை கொடுக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்கியது மடங்கியபடி இருக்கிறது.